யாரும் கேட்காத சம்மதம்

குடும்பச் சட்டச் சீர்திருத்தத்துக்கு மறுபடியும் ஓர் ஆலோசனைக் குழு அமைத்திருக்கிறார்களாம். அதன் செயலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசும்படி என்னை அழைத்தார்கள். முந்தைய குழு கலைக்கப்படும்வரை அதற்குச் செயலாளராக இருந்தவள் நான். அழைத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். "கொஞ்சம் மோட்டிவேஷனா இருந்தா நல்லாருக்கும் மேடம்," என்றாள். என்னால் அது முடியாது. இல்லாத நம்பிக்கையைச் சொல்வதற்காக ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை நெரிசலில் நின்றுகொண்டு வருவானேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கூட்டக் குறிப்பு எடுப்பது, பிற நாட்டுச் சட்டங்களை ஒப்பிடுவது, மசோதாவுக்கு வாசகம் எழுதுவது எல்லாவற்றையும் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சரவணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி ஓடினால் அன்று நல்ல நாள். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, எங்களுக்கு ஜட்ஜம்மா. வழக்கறிஞர்கள், சமூக நல அதிகாரி ஒருவர், கோயில் அமைப்புகளின் சார்பில் ஒருவர் என்று மற்ற உறுப்பினர்கள். அதிகாரம் என்று எதுவும் கிடையாது. நாங்கள் சொல்லலாம், அமைச்சு கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். முதல் கூட்டத்திலேயே ஜட்ஜம்மா, "நம்ம பேர்லயே ஆலோசனைன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதை யாரும் மறக்க வேணாம்," என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் முன்னால் இருந்த பெரிய கேள்வி பதியாத கல்யாணங்கள். நம் ஆட்களில் பலர் கோயிலில் தாலி கட்டியதோடு கல்யாணம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பதிவிலாகாவில் பதியாதவரை, சட்டத்துக்கு அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. ஊரே வந்து அட்சதை போட்டிருக்கும், வீடியோ இருக்கும், பிள்ளைகள் இருக்கும். சட்டத்தில் மட்டும் அவர்கள் கணவன் மனைவி இல்லை. ஒன்றாக வாழ்கிறவரை இது யாருக்கும் தெரியாது. சாவோ சண்டையோ வரும்போதுதான் தெரியும்.

மக்கள் கருத்தைக் கேட்கக் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு எடுத்தோம். முந்தின நாள் அங்கே ஒரு வரவேற்பு நடந்திருக்கிறது. மேடையில் பிளாஸ்டிக் பூ வளைவை இன்னும் கழற்றவில்லை. அதன் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசை போட்டு, கைவிடப்பட்ட பெண்களும் விதவைகளும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாம் பெண்கள். கடைசி வரிசையில் ஒரே ஓர் ஆண், மடியில் பச்சை நிறப் பாதுகாப்பு அங்கியைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைத்தேன். மைக் கடைசியாக அவரிடம் போனது.

பேச வந்த ஒவ்வொருவரிடமும் ஜட்ஜம்மா முதலில் ஒரு கேள்வி கேட்பார். அவரிடமும் கேட்டார்.

"நீங்க இங்க பேசறதால உங்களுக்குன்னு ஒண்ணும் கெடைக்காமலே போகலாம். அது தெரியுமா?"

"தெரியும் மேடம். பரவால்ல லா."

தெரியும் என்றார். ஆனால் தெரிந்திருக்கவில்லை. யாருக்குமே தெரிவதில்லை. ஒரு மனிதன் கையில் மைக்கைக் கொடுத்து, எதிரே ஒரு முன்னாள் நீதிபதியை உட்கார வைத்து, அவன் பேசுவதை ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால், அவன் மனதில் நம்பிக்கை வந்துவிடுகிறது. வாயால் எச்சரித்தால் அது போகாது.

"நான் போர்ட் கிள்ளான்ல கொண்டெய்னர் லோரி ஓட்டுறேன். எனக்கும் தேவிக்கும் கேரி தீவு கோயில்ல கல்யாணம். எஸ்டேட்டே வந்துச்சு. ரெஜிஸ்டர் பண்ணணும்னு தெரியும் மேடம். முன்கூட்டியே போய் நோட்டீஸ் குடுக்கணும், ரெண்டு பேரும் சேர்ந்து போகணும். எனக்கு லீவு கெடைச்சா அவளுக்குக் கெடைக்காது. அடுத்த மாசம் போலாம், அடுத்த மாசம் போலாம்னே ஓடிப்போச்சு. அப்புறம் பாப்பா பொறந்துச்சு. பொறந்த சூரா சர்டிபிகேட்ல என் பேரப் போட்டாங்க. சரி, எல்லாம் முடிஞ்சுதுன்னு விட்டுட்டோம்."

"இப்ப உங்க மனைவி?"

"டெங்கி வந்து போய்ட்டா மேடம். நான் ஜொகூர்ல லோட் எறக்கிட்டு இருந்தேன்."

அவர் நிறுத்தினார். பிறகு மெதுவாக மீதியைச் சொன்னார். மகள் யாழினிக்கு அப்போது பாலர் பள்ளி போகும் வயது. வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் அவரே கொஞ்ச நாளைக்கு அவளைத் தேவியின் அக்கா வீட்டில் விட்டிருக்கிறார். சுபாங் ஜெயாவில் வீடு. திரும்பக் கூப்பிடப் போனபோது, "இப்ப வேணாம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார்கள். அடுத்து அவர்களுடைய வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கு வந்தது. அங்கேதான் அவருக்குத் தெரிந்தது: கல்யாணம் செல்லாததால் பிள்ளைக்குச் சட்டப்படி ஒரே பாதுகாவலர் தாய்தான். தாய் இறந்துவிட்டாள். தகப்பன் என்பவர் பெரியம்மாவைப் போல, மற்ற எவரையும் போல, வரிசையில் நிற்கும் ஓர் ஆள்.

"என் லாயர் சொல்றாரு, நீங்க வேணும்னா உங்க புள்ளைய தத்தெடுக்க மனு போடலாம்னு. என் புள்ளைய நானே தத்தெடுக்கணுமாம் மேடம்."

யாரோ ஒரு பெண் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்கக்கா. எனக்கும் அன்னிக்குச் சிரிப்புதான் வந்துச்சு."

முன்வரிசையில் இருந்த கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கூட்டங்களில் அப்படி ஒருவர் எழுந்தே தீருவார். "தம்பி, சட்டம் சரியில்ல சட்டம் சரியில்லன்னு சொல்றோம். பதியாம இருந்தது யாரு குத்தம்?"

"என் குத்தம்தாண்ணே. நான் இல்லேன்னு சொல்லல. அதுக்கு என்ன வேணா பண்ணுங்க. ஃபைன் போடுங்க, உள்ள போடுங்க. அவளுக்கு நான் அப்பா இல்லேன்னு மட்டும் எதுக்குச் சொல்றீங்க?"

ஜட்ஜம்மா பேனாவை மூடி வைத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் வேலை, "தேவியோட அக்காவையும் பாத்துட்டு வாங்க" என்பதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. எதற்கு என்று கேட்டேன். "நீங்க ஏற்கெனவே ஒரு பக்கம் சாஞ்சுட்டீங்க. உங்க மொகத்துலயே தெரியுது. அந்த மொகத்தோட சட்டம் எழுத வேணாம்," என்றார்.

அந்த அக்காவை மாலதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் வேலை. சுபாங் ஜெயாவில் சுத்தமான மாடிவீடு, வாசலில் சின்னச் சைக்கிள். குழுவின் பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் புள்ளையத் திருடி வச்சிருக்கேன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல. உங்க பக்கத்தைக் கேக்கத்தான் வந்தேன்."

"எம் பக்கம் என்ன இருக்கு? என் தங்கச்சி காய்ச்சல்ல கெடந்தா. இவரு லோரி எடுத்துட்டுப் போய்ட்டாரு. ஃபோன் பண்ணா, 'பானடோல் போட்டுக்கோ, நாளைக்கு வந்துடறேன்'னு சொல்லிருக்காரு. பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்டிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நான் போறப்ப அவளுக்குப் பேச்சு இல்ல." மாலதி அழவில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அழுகை தீர்ந்துபோனவர் மாதிரி இருந்தார். "இப்பவும் அதே லோரிதான் ஓட்டுறாரு. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா? நீங்க சொல்லுங்க. சட்டம் எழுதறவங்கதான நீங்க?"

அந்தச் சமயத்தில் மாடியிலிருந்து ஒரு சிறுமி இறங்கி வந்தாள். முழங்காலில் ஒட்டுப்பட்டை. கூச்சமில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க எங்கப்பாவைப் பாத்தீங்களா? சனிக்கெழம வருவாருல்ல?" என்று கேட்டாள். மாலதி உடனே, "வருவாருடா. போய்ப் பால் குடி," என்றார். அப்பா என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் அவளுக்கு மறுக்கவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது எனக்கு ஒரு பக்கம் என்று ஏதும் மிஞ்சவில்லை. தவறு செய்தவன் என்று யாரையாவது காட்ட முடிந்தால் எங்கள் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

நாங்கள் எழுதிய பரிந்துரைகளில் முக்கியமானது இதுதான். கோயிலில் முறைப்படி நடந்து, சாட்சிகள் மூலம் நிரூபிக்க முடிகிற கல்யாணத்தைப் பின்னாளிலும் பதியலாம். இருவரில் ஒருவர் இறந்திருந்தாலும் மற்றவர் பதியலாம். பதிந்ததும், தாலி கட்டிய நாளிலிருந்தே அது செல்லும். அப்படி ஒரு சட்டம் வந்தால் சரவணன் மறுநாளே சட்டப்படி யாழினியின் பாதுகாவலர். அதற்குப் பிறகும் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் அவர் அங்கே தகப்பனாக நிற்பார்.

கோயில் அமைப்புகளின் பிரதிநிதி கடுமையாக எதிர்த்தார். பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்றால் முன்னால் எவன் பதிவான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பல கூட்டங்கள் அதிலேயே போயின. கடைசியில் பெரும்பான்மை எங்கள் பக்கம் வந்தது. இடைக்கால அறிக்கை வெளியானது. செய்தித்தாளில் ஒரு பத்தி வந்தது.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். அந்தச் செய்தியைச் சரவணனுக்காக இலவசமாக வாதாடிய இளம் வழக்கறிஞர் பார்த்தார். அறிக்கையின் பிரதியை வாங்கிப் போய் நீதிமன்றத்தில் வைத்து, சட்டம் மாறப்போகிறது, அதுவரை விசாரணையைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டார். நல்ல வழக்கறிஞர் எவரும் செய்யக்கூடியது. நீதிபதி ஒத்துக்கொண்டார். மறுபடி கேட்டார், மறுபடியும் ஒத்துக்கொண்டார். சரவணன் சனிக்கிழமைகளில் ஒரு பேரங்காடியில் மகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவ்வப்போது எனக்கு ஃபோன் செய்வார். "அவசரம் இல்ல மேடம். சும்மாதான் கேட்டேன்." எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

பிறகு அந்த மதியம் வந்தது. அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி ஜட்ஜம்மாவுக்கு ஃபோன் செய்தார். எங்கள் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை இந்தக் கூட்டத் தொடரிலேயே மசோதாவாகக் கொண்டுவர அமைச்சு தயார். கோயில் குருக்கள் எல்லாரையும் பதிவதிகாரிகளாக்கி, தாலி கட்டும் இடத்திலேயே பதிவு நடக்கச் செய்வது உட்பட. ஒரே ஒரு நிபந்தனை. பழைய கல்யாணங்களுக்குப் பின்தேதியிட்டுச் செல்லுபடி தரும் பகுதியை எடுத்துவிட வேண்டும். சொத்து, பதிவான வேறு மனைவிகள் என்று எங்கெங்கோ போய் முட்டும், அமைச்சரவை தொடாது என்றார். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம்.

உறுப்பினர்களை அழைக்க நேரமில்லை. அறையில் நாங்கள் இருவர்தான்.

"என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ஜட்ஜம்மா. செயலாளருக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் கேட்டார்.

"எடுக்க வேணாம்மா. நம்மள நம்பி வந்து பேசினவங்க எல்லாரும் பழைய கல்யாணக்காரங்க. அதை எடுத்தா அவங்கள்ல ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் இல்ல."

"ஒங்க மனசுல அந்த லோரி டிரைவர் இருக்காரு."

"ஆமாம்மா. இருக்காரு."

"எம் மனசுலயும் இருக்காரு. ஆனா நாளைக்குத் தாலி கட்டிக்கப்போற ஒரு பொண்ணு இருக்கா. அவ நம்மகிட்ட வந்து பேசல. அவளுக்கு இன்னும் பிரச்சினையே வரல. அவளுக்காக இந்த ரூம்ல யாரு பேசுவா?"

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே மோனோரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். திரும்பி வந்து, "எடுத்துடுங்க," என்றார். "பாதியாவது சட்டமாகட்டும். முழுசும் பேப்பராவே கெடக்க வேணாம்."

நான்தான் அந்தப் பகுதியை நீக்கிப் புதிய வாசகம் எழுதி அனுப்பினேன். அவர் முடிவு தவறு என்று அன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அதே இடத்தில் நாளை நீங்கள் இருப்பீர்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் யாரோ ஒருவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

சரவணனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நானே கிள்ளானுக்குப் போனேன். செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. உங்களிடம் வந்து பேசியவர்களுக்கு நீங்கள் கொடுக்க முடிந்த ஒரே மரியாதை அதுதான். துறைமுகச் சாலையில் லோரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடை. தே தாரிக் வந்து ஆறிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எனக்கு வராது."

"வராது."

"இனிமே கட்டறவங்களுக்கு?"

"வரும்னு நெனைக்கிறோம்."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சரி மேடம். அவங்களுக்காச்சும் வரட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவ்ளோ தூரம் வந்தீங்களே, சாப்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நாடாளுமன்றக் கூட்டத் தொடர் முடிந்தது, மசோதா மேசைக்கு வரவில்லை. அடுத்த தொடரில் வரும் என்றார்கள். அரசாங்கம் மாறியது. புதிய அமைச்சர் முதலில் எல்லாவற்றையும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றார். அவரும் மாறினார். அதற்கடுத்தவரின் அலுவலகத்துக்கு நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து விளக்கக் குறிப்பு அனுப்பினோம். நாளைக்குத் தாலி கட்டிக்கொள்ளப்போகும் அந்தப் பெண்ணுக்காக ஜட்ஜம்மா சரவணனை விட்டுக்கொடுத்தாரே, அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பாதியும் பேப்பராகவே கிடந்தது. குழுவின் காலத்தை நீட்டிக்கவில்லை. ஜட்ஜம்மாவுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. கடைசிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. பிறகு ஒரு தடவை வீட்டில் போய்ப் பார்த்தேன். தோட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். நான் கிளம்பும்போதுதான், "அந்தப் புள்ள இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிள்ளை மாலதியிடம்தான் இருந்தது. வழக்கு கடைசியில் விசாரணைக்கு வந்தபோது, யாழினி அந்த வீட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அங்கேதான் பள்ளிக்கூடம், தோழிகள், அக்காள் தம்பி மாதிரி வளர்ந்த பிள்ளைகள். வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடுவது பிள்ளைக்கு நல்லதல்ல என்று நீதிபதி எழுதினார். தீர்ப்பை நான் படித்தேன். குறை சொல்ல ஒரு வரி இல்லை. ஆனால் அந்த வேர் எப்போது விட்டது? சட்டம் மாறும் மாறும் என்று எங்கள் அறிக்கையைக் காட்டித் தள்ளிவைத்த காலத்தில்தான் விட்டது. நாங்கள் அறிக்கையே எழுதாமல் இருந்திருந்தால் வழக்கு அப்போதே நடந்திருக்கும். பிள்ளை புதிதாக வந்திருந்த நேரம். சரவணனுக்குக் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்திருக்கும். அந்த இளம் வழக்கறிஞர் இதைச் சொல்லிவிட்டு என் முன்னால் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் நல்லது என்று நினைத்ததைச் செய்தோம். எல்லாம் சேர்ந்து ஒரு மனிதரிடமிருந்து பிள்ளையை எடுத்துவிட்டது.

உங்கள் அறிக்கைகளை வெளியே யாராவது நம்புவார்கள் என்பதை எழுதும்போதே நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவிர இதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்று எனக்கே தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, வேறொரு துறையில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருந்தபோது, சரவணன் தேடிக்கொண்டு வந்தார். முடி நரைத்திருந்தது. பாதுகாப்பு அங்கியை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அவசரம் இல்ல மேடம். பிசியா இருக்கீங்களா?"

மாலதியின் கணவருக்குப் பெர்த் நகரத்தில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு போகிறார்கள், யாழினியும் போகிறாள். நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிவிட்டார்கள். வீடியோ காலில் பேசலாம், பள்ளி விடுமுறையில் அழைத்துவருவோம் என்று மாலதி சொல்லியிருக்கிறார். தடுக்க வழி இருக்கிறதா என்று கேட்க வந்திருக்கிறார் என நான் நினைத்து, இல்லை என்று எப்படிச் சொல்வது என மனதுக்குள் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தடுக்க வரல மேடம். போகட்டும். அங்க நல்லா படிக்கும். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். என் ஃபிரெண்டு ஒருத்தன் மகன் சிங்கப்பூர் போனப்ப அப்பாவோட கையெழுத்து வேணும்னு கேட்டாங்களாம், கன்சென்ட். யாழினிக்கு என்கிட்ட யாருமே கேக்கல. லாயரக் கேட்டேன், உங்க கையெழுத்து தேவையில்லேங்கறாரு."

"ஆமா. சட்டப்படி தேவையில்ல."

"வேணாம்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். கேட்டா போட்டுடுவேன். கேக்கவே மாட்டேங்கறாங்க." அவர் அங்கியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்களேன். நான் சம்மதிக்கிறேன்னு. ஒங்களுக்குத்தான் அந்த பாஷையெல்லாம் தெரியும்."

எத்தனையோ ஆண்டுகள் நான் சட்ட வாசகம் எழுதியிருக்கிறேன். அன்று எழுதியதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லாத ஒரு பத்தி. தகப்பனாகிய நான், என் மகள் தன் பெரியம்மாவோடு போய் வசிக்க மனமாரச் சம்மதிக்கிறேன். அவர் படித்துப் பார்த்தார். 'தகப்பனாகிய' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது இருக்கட்டும்," என்றார், நான் எடுத்துவிடுவேனோ என்று பயந்தவர்போல. என் பேனாவை வாங்கி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஏர்போர்ட்டுக்கு வர்றீங்களா மேடம்? தனியா போகணும்."

போனேன். காலை நேரம், புறப்பாட்டு மண்டபம் நிறையக் கூட்டம். யாழினி வளர்ந்திருந்தாள். மாலதியின் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் இவரைக் கண்டதும் ஓடிவந்து, "அப்பா, விண்டோ சீட்டு எனக்கு!" என்றாள். அவர் குனிந்து அவளுடைய ஷூ நாடாவைச் சரியாகக் கட்டினார். அது முன்பே சரியாகத்தான் கட்டியிருந்தது. அங்கே குளிரும், ஸ்வெட்டரைக் கழற்றாதே என்றார். அவள் சரி சரி என்றாள். அவளுக்குப் பறக்கப் போகிற அவசரம்.

மாலதி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சரவணன் அந்தத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். மாலதி நின்றபடியே படித்தார்.

"சரவணன், இது வேணாமே. எங்ககிட்ட கோர்ட் ஆர்டர் இருக்கு."

"தெரியும்க்கா. வச்சுக்குங்க. யாராச்சும் கேட்டா காட்டுங்க."

மாலதி அதை மடித்துக் கடப்பிதழ்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அந்த ஒரு செயலுக்காக நான் அவரை எப்போதும் மதிப்பேன்.

அவர்கள் உள்ளே போகும் வாசலில் ஆவணங்களைச் சரிபார்க்கும் அதிகாரி ஒருவர் நின்றார். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். மாலதி மொத்தமாக எல்லாவற்றையும் கொடுத்தார். அதிகாரி கடப்பிதழ்களைப் பிரித்தார், நீதிமன்ற உத்தரவைப் பார்த்தார், பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இடையில் மடித்திருந்த தாளைத் திறக்காமலே அடியில் வைத்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். யாழினி திரும்பிக் கையாட்டினாள். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

சரவணன் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேக்கல மேடம்," என்றார்.

அந்த அதிகாரி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். சட்டப்படி அது தேவையில்லாத தாள். அந்தச் சட்டத்தில் இன்றுவரை ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைத்தான் இப்போது உங்கள் மேசையில் வைத்திருக்கிறார்கள்.